சுகமாகத்தான் இருக்கிறேன், பரிசோதனை எதற்கு? (முதியோர் நலம்: கேள்வி பதில்)

அறுபது வயதைக் கடந்த வாசகர்களும் அவர்களைக் கவனித்துக்கொள்ளும் பிள்ளைகளும், நோய் வருமுன் காத்துக்கொள்வது பற்றிய ஐயங்களை எழுதி அனுப்பலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். மதுரையிலிருந்தும் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தும் வந்த கடிதங்களில், பலருக்கும் பயன்படக்கூடிய சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில் வேலை பார்க்கிறான். மருமகளின் பிரசவத்துக்காகப் போய் ஐந்து மாதம் இருந்துவிட்டு வந்தேன். பக்கத்து வீட்டில் என் வயதில் ஸ்பானிஷ் பேசும் அம்மா ஒருவர் இருந்தார். அவரைப் பார்க்க, அவர்கள் மொழியே பேசும் பெண் ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு அடிக்கடி வருவார். ரத்த அழுத்தம் பார்ப்பார், சமையலறைக்குள் போய் என்ன சமைத்திருக்கிறது என்று கேட்பார், மாத்திரையை எண்ணிப் பார்ப்பார். அவர்களுக்கும் நம்மைப் போலவே வீட்டுக்கு வீடு சர்க்கரை இருக்கிறது என்று மகன் சொன்னான். நம் ஊரில் இப்படி ஏன் யாரும் வருவதில்லை? இரண்டு மாதத்தில் மறுபடியும் போகிறேன். என்ன முன்னேற்பாடு செய்ய வேண்டும்? (வாசகி, வயது 63, திருமங்கலம்)

பதில்: நீங்கள் பார்த்த பெண்ணை அவர்கள் மொழியில் ‘புரொமொதோரா’ என்று சொல்வார்கள். அவர் மருத்துவரோ நர்ஸோ அல்லர். அதே தெருவில், அதே மக்களிடையே வாழ்ந்து, பயிற்சி பெற்று, மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் நடுவே நிற்பவர். மெக்சிகோ முதலிய நாடுகளைப் பூர்வீகமாகக் கொண்ட ஹிஸ்பானிக் மக்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு அங்கே மற்றவர்களைவிட அதிகம். அமெரிக்காவில் வயதுவந்த ஒருவருக்கு வாழ்நாளில் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு சராசரியாக 40 விழுக்காடு என்றால், ஹிஸ்பானிக் மக்களுக்கு அது 50 விழுக்காட்டுக்கும் மேல் என்று அந்நாட்டின் நோய்த் தடுப்பு மையமே கூறுகிறது.

அவர்களுடைய நம்பிக்கைகளைப் படிக்கும்போதெல்லாம் நம் வீட்டுத் திண்ணைப் பேச்சைக் கேட்பது போலவே எனக்குத் தோன்றும். திடீரென்று ஏற்படும் பெரும் பயத்தை அவர்கள் ‘சுஸ்தோ’ என்கிறார்கள். அந்தப் பயத்தினால்தான் தனக்குச் சர்க்கரை வந்தது என்று அங்கே சொல்லும் முதியவர்கள் உண்டு. ‘அவர் செத்த அதிர்ச்சியிலதான் எனக்குச் சுகர் வந்துச்சு’ என்று என்னிடம் சொல்லாத பாட்டிமார் குறைவு. இன்சுலின் போட்டால் கண் போய்விடும் என்று அவர்களில் பலர் அஞ்சுகிறார்கள். இன்சுலின் போட ஆரம்பித்தால் கடைசிக் கட்டம் என்று நம்மவர்கள் அஞ்சுகிறார்கள். சர்க்கரைக்குக் கைவைத்தியம் அவர்களுக்குச் சப்பாத்திக் கள்ளியின் மடல் என்றால் நமக்குப் பாகற்காய்ச் சாறு. இத்தகைய பயங்களை மருத்துவமனையின் ஐந்து நிமிடச் சந்திப்பில் நீக்க முடியாது. சமையலறை வரை வந்து உட்கார்ந்து பேசும் ஒருவரால்தான் முடியும் என்பதால்தான் அந்தப் பெண்களுக்கு அங்கே அவ்வளவு மதிப்பு.

நம் ஊரில் யாரும் வருவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வருகிறார்கள், அம்மா. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் செய்வது இதே வேலைதான். வீடு தேடி வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, நோய் உறுதியானவர்களுக்கு மாத்திரையும் கொண்டுவந்து தருகிறார்கள். ஆனால் நாம் அவரை ‘மாத்திரை கொடுக்கிற பொண்ணு’ என்று வாசலோடு அனுப்பிவிடுகிறோம், இது எனக்கு நெடுநாள் வருத்தம். அடுத்த முறை வரும்போது உள்ளே கூப்பிட்டு உட்கார வையுங்கள். கண், கால், சிறுநீரகப் பரிசோதனைகளை எப்போது, எங்கே செய்வது என்று கேளுங்கள். உங்கள் தெருவுக்கு அவர் வரவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் உங்கள் பெயரைப் பதிந்து வாருங்கள்.

இனி பயணம். பார்வையாளர் விசாவில் செல்லும் பெற்றோருக்கு அந்நாட்டின் முதியோர் காப்பீடான மெடிக்கேர் கிடையாது. இங்கிருந்து எடுத்துச் செல்லும் பயணக் காப்பீடும் பெரும்பாலும் திடீர் நோய்க்குத்தான் உதவுமே தவிர, பொதுப் பரிசோதனைக்கோ ஏற்கெனவே உள்ள நோயின் வழக்கமான சிகிச்சைக்கோ பணம் தராது. எனவே எச்.பி.ஏ.1.சி. (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), கண் பரிசோதனை, பல் வைத்தியம் அனைத்தையும் புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே இங்கே முடித்துவிடுங்கள். தங்கும் காலம் முழுமைக்குமான மாத்திரைகளை, கம்பெனிப் பெயரோடு மருந்தின் மூலப் பெயரும் எழுதிய சீட்டுடன், கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கடையில் கேட்கும் பெயரை அங்குள்ள மருந்தாளர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அங்கே மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். ஹிஸ்பானிக் குடும்பங்களில் நெடுங்காலமாகக் கண்ட அனுபவம் இது: பாட்டி சிறுநீர்க் கசிவையும் மூலத்தையும் பேரன் வாயால் சொல்ல வைக்க மாட்டார், சொல்லாமலே திரும்பிவிடுவார். மத்திய அரசின் நிதி பெறும் மருத்துவமனைகள் ஆங்கிலம் தெரியாதவர்களுக்கு மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தர வேண்டும் என்பது அங்கே சட்டம். தமிழுக்கும் கேட்கலாம், பெரும்பாலும் தொலைபேசி வழியாக ஏற்பாடு செய்வார்கள்.

கேள்வி: எனக்கு வயது 67. விவசாயம் பார்க்கிறேன். காய்ச்சல், தலைவலி என்று ஒரு நாள் படுத்தவன் இல்லை. சுகமாகத்தான் இருக்கிறேன். சென்னையில் இருக்கும் மகள் ‘மாஸ்டர் செக்கப்’ செய்தே ஆக வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். எதுவும் இல்லாதபோது போய் எதையாவது கிளப்பிவிடுவது தேவைதானா? (வாசகர், மேலூர்)

பதில்: ஐயா, உங்கள் மகள் சொல்வதில் முக்கால் பங்கு சரி. நீங்கள் சொல்வதிலும் கால் பங்கு நியாயம் இருக்கிறது.

முதலில் மகளின் பக்கம். ரத்த அழுத்தம் 170 இருந்தாலும் வரப்பில் மண்வெட்டியோடு நிற்க முடியும், தலை கூட வலிக்காது. சர்க்கரை 200ஐத் தாண்டிப் பல வருடம் ஓடினாலும் பசியும் தூக்கமும் வழக்கம்போல இருக்கும். கண் நீர் அழுத்த நோயில் பார்வையின் ஓரங்கள் சிறிது சிறிதாகப் போவது, எதிரே இருக்கும் முகம் தெளிவாகத் தெரிவதால், கடைசி வரை உணரப்படுவதில்லை. போன பார்வை திரும்பாது. எதுவும் இல்லாதபோது பார்ப்பதற்குப் பெயர்தான் முன்கூட்டிய பரிசோதனை. கிளப்பிவிடுவதாக நீங்கள் நினைப்பது உள்ளே ஏற்கெனவே இருப்பதைத்தான். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் வயதுவந்தவர்களில் 11.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோயும் 35.5 விழுக்காட்டினருக்கு உயர் ரத்த அழுத்தமும் இருப்பதாக மதிப்பிட்டது. மூன்றில் ஒருவருக்கு இருக்கும் ஒன்று உங்களுக்கு இல்லை என்பதைப் பட்டையைக் கையில் கட்டிப் பார்க்காமல் எப்படிச் சொல்ல முடியும்?

இனி உங்கள் பக்கம். ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு அறுபது, எழுபது பரிசோதனைகளை அடுக்கித் தரும் பொட்டலங்கள் உங்களுக்குத் தேவையில்லை. அவற்றில் சேர்க்கப்படும் சில புற்றுநோய்க் குறியீட்டு ரத்தப் பரிசோதனைகள், எந்தத் தொந்தரவும் இல்லாதவருக்கு வீண் பயத்தையே உண்டாக்கும் என்பது என் கருத்து. உங்களுக்குத் தேவையானது ஒரு சிறு பட்டியல்தான்: ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரையும் எச்.பி.ஏ.1.சி.யும், கொழுப்பு அளவு, கிரியேட்டினின், சிறுநீரில் புரதம், கண் பரிசோதனை, வாய்ப் பரிசோதனை. இவற்றில் பெரும்பாலானவற்றை ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ கட்டணமின்றிப் பார்க்கலாம். ‘வருமுன் காப்போம்’ முகாம் உங்கள் பக்கம் நடந்தால் அங்கும் போகலாம்.

அளவுகளையும் தெரிந்துகொள்ளுங்கள். ரத்த அழுத்தம் வெவ்வேறு நாட்களில் பார்த்து 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் உயர் ரத்த அழுத்தம். வெறும் வயிற்றுச் சர்க்கரை 126 அல்லது அதற்கு மேல், எச்.பி.ஏ.1.சி. 6.5 அல்லது அதற்கு மேல் என்றால் சர்க்கரை நோய். வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 முதல் 125 வரை என்றால் இன்னும் நோயாகவில்லை, நடையாலும் உணவாலும் தள்ளிப்போடக்கூடிய நிலை. ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. உடம்பு ஒல்லியாகவும் வயிறு மட்டும் முன்னேயும் இருப்பவர்கள் நம்மில் அதிகம், அவர்கள் தமக்குச் சர்க்கரை வராது என்று எண்ண வேண்டாம்.

வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் உங்களுக்கு உண்டா என்று எழுதவில்லை. இருந்தால் வாரம் ஒருமுறை வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, கன்னத்தின் உட்புறத்தையும் நாக்கின் அடியையும் பாருங்கள். வெள்ளையாகவோ சிவப்பாகவோ தடிப்பு இருந்தாலும், இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் இருந்தாலும் உடனே காட்டுங்கள். அதோடு, நடவுக்கும் அறுவடைக்கும் பிறகு மூட்டு வலி என்று மருந்துக் கடையில் ‘வலி மாத்திரை’ வாங்கிப் போடுகிறவராக இருந்தால், அதைத் தொடர்ந்து போடுவது சிறுநீரகத்தைக் கெடுக்கும், ரத்த அழுத்தத்தையும் ஏற்றும் என்பதை நினைவில் வையுங்கள்.

கேள்வி: என் தந்தைக்கு 70 வயது, பதினெட்டு வருடமாகச் சர்க்கரை. சித்திரைத் திருவிழாவுக்கு ஊரிலிருந்து செருப்பில்லாமல் நடந்தே வந்து அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்ப்பது அவர் சிறு வயது முதல் விடாத வேண்டுதல். போகாதீர்கள் என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. போகவிடவும் பயமாக இருக்கிறது. (வாசகி, உசிலம்பட்டி)

பதில்: உங்கள் பயம் நியாயமானது. சில வருடங்களுக்கு முன் திருவிழா முடிந்த மூன்றாம் நாள் ஒரு பெரியவரை அவருடைய பேத்தி அழைத்து வந்தாள். அவர் கால் வலிக்கு வரவில்லை. பாய் ஈரமாக இருக்கிறது, தாத்தாவுக்குச் சிறுநீர் கட்டுப்படவில்லையோ என்று கேட்கத்தான் வந்திருந்தாள். அவரைப் படுக்க வைத்துப் பார்த்தபோது, வலது குதிகாலிலிருந்து விரல் அடிவரை உள்ளங்கால் தோல் முழுவதும் கொப்புளமாக எழும்பி, உடைந்து, நீர் கசிந்துகொண்டிருந்தது. பாயை நனைத்தது அந்த நீர். தார்ச்சாலையில் வெந்த காலோடு இரண்டு நாள் நடமாடியிருக்கிறார். ‘சுட்டுச்சா தாத்தா?’ என்று பேத்தி கேட்டதற்கு, ‘சாமி புண்ணியத்துல ஒண்ணும் தெரியல தாயி’ என்றார் அவர், உண்மையான மகிழ்ச்சியோடு. அந்தக் கால் ஆற நான்கு மாதம் ஆயிற்று, ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

அவருக்குச் சுடாமல் போனது, சர்க்கரையால் கால் நரம்புகள் உணர்வை இழந்துவிட்டதனால். பதினெட்டு வருடச் சர்க்கரை உள்ள உங்கள் தந்தைக்கும் அந்த நிலை வந்திருக்கலாம். அதைக் கண்டறிவது மிக எளிது. பத்து கிராம் அழுத்தம் தரும் மெல்லிய நைலான் இழை ஒன்றால் அவரைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, உள்ளங்காலின் சில இடங்களைத் தொட்டு ‘தெரிகிறதா’ என்று கேட்பார்கள். ஊசியும் இல்லை, வலியும் இல்லை, சில நிமிடத்தில் முடிந்துவிடும். நம் மாநில அரசு சர்க்கரை நோயாளிகளின் காலுக்கென்றே ‘பாதம் பாதுகாப்போம்’ என்ற திட்டத்தை நடத்துகிறது. உங்கள் பகுதி அரசு மருத்துவமனையில் கேளுங்கள். கூடவே காலின் நாடித்துடிப்பையும் பார்க்கச் சொல்லுங்கள், ரத்த ஓட்டம் குறைந்த கால் புண் ஆறாத கால்.

உணர்வு குறைந்திருப்பது தெரிந்தால், வெறுங்காலோடு சித்திரை வெயிலில் நடக்கக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் வேண்டுதலை விடச் சொல்லவில்லை. எம்.சி.ஆர். செருப்பு (சர்க்கரை நோயாளிகளுக்கான மெத்தென்ற ரப்பர் செருப்பு) அணிந்து, வெயில் ஏறுமுன் நடந்து, மீதித் தூரத்தை வண்டியில் வந்து அழகரைக் கும்பிடட்டும். அழகர் ஆற்றில் இறங்குவது விடியற்காலையில்தானே! கோயிலில் செருப்பைக் கழற்றித்தான் ஆக வேண்டும். கல் தளம் குளிர்ந்திருக்கும் வேளையாகப் பார்த்துப் போகட்டும். நடக்கும் நாளில் வேண்டுதலுக்காகப் பட்டினி இருந்தால் எந்த மாத்திரையைக் குறைப்பது, எதை நிறுத்துவது என்பதை முன்கூட்டியே அவருடைய மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வழக்கமான மாத்திரையைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு நடந்து மயங்கி விழுகிறவர்களை ஒவ்வொரு திருவிழாவிலும் பார்க்கிறோம்.

வீட்டில் தினமும் இரவு நீங்களோ அம்மாவோ அவர் உள்ளங்காலை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள், விரலிடுக்குகளையும் விடாமல். அவரே பார்ப்பதாக இருந்தால் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்துக் காலை அதன் மேலே காட்டினால் போதும். கண்ணையும் மறந்துவிடாதீர்கள். 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கும் ஊரில் வாழ்ந்துகொண்டு, சர்க்கரையால் விழித்திரை கெட்டுப் பார்வை போயிற்று என்று ஒருவர் வந்து நிற்பது எனக்குத் தாங்க முடியாத துயரம். பார்வை நன்றாக இருக்கும்போதே வருடம் ஒருமுறை விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும்.

கேள்வி: 74 வயதாகும் அம்மா இரவில் பாத்ரூமுக்கு எழும்போது தலை சுற்றுகிறது என்கிறார். ஒருமுறை விழுந்தும் விட்டார், நல்லவேளையாக எலும்பு முறியவில்லை. வயதானால் இப்படித்தான் என்கிறார்கள். (வாசகர், செல்லூர்)

பதில்: வயதானால் இப்படித்தான் என்று விட்டுவிடுவதற்கு முன், ஐந்து நிமிடம் படுக்க வைத்து ரத்த அழுத்தம் பாருங்கள்; எழுந்து நின்ற முதல் நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் மறுபடி பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், எழும்போது அழுத்தம் விழுகிறது என்று பொருள். ரத்த அழுத்த மாத்திரையின் அளவு, நீர் பிரியும் மாத்திரை, தூக்க மாத்திரை, போதுமான தண்ணீர் குடிக்காதது ஆகியவை காரணமாக இருக்கலாம். எனவே வீட்டிலுள்ள மாத்திரைகள் அனைத்தையும், பழைய அட்டைகள் உட்பட, ஒரு பையில் போட்டுக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

இன்றிரவே செய்யக்கூடியவை: எழுந்தவுடன் நடக்காமல் கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் உட்காரட்டும். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை ஒரு சிறு விளக்கு எரியட்டும். சோப்பு வழுக்கும் தரையில் ரப்பர் விரிப்பும், கழிப்பறைச் சுவரில் பிடித்து எழ ஒரு கம்பியும் வையுங்கள். கொத்தனாருக்கு அரை நாள் வேலை. பழைய வீட்டின் உயர்ந்த நிலைப்படியில் தடுக்கி இடுப்பு எலும்பு முறிந்தவர்கள் பலரை எனக்குத் தெரியும். அதன் விளிம்பில் வெள்ளைப் பெயின்ட் அடித்துவையுங்கள்.

கேள்வி: பெரியவர்களுக்கும் தடுப்பூசி உண்டா? (வாசகர், வாடிப்பட்டி)

பதில்: உண்டு. இன்ஃபுளுவென்சா என்னும் ஃபுளூ காய்ச்சலுக்கான தடுப்பூசியை வருடம் ஒருமுறை, நம் பகுதியில் ஐப்பசி மழைக்கு முன், போட்டுக்கொள்ளலாம். 65 வயதைக் கடந்தவர்களும், அதற்கு முன்பே சர்க்கரை, இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்களும் நிமோனியாவைத் தடுக்க உதவும் நிமோகாக்கல் தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அக்கி அம்மைக்கான தடுப்பூசி 50 வயதுக்கு மேல் இரண்டு தவணை. குழந்தைகளுக்குப் போல இவை அரசின் இலவசப் பட்டியலில் இல்லை, செலவு உண்டு. எல்லாவற்றையும் வாங்க இயலாதவர்கள் முதல் இரண்டுக்கு முன்னுரிமை தரலாம்.

கேள்வி: எனக்கு 58 வயது. மாதவிலக்கு நின்று ஏழு வருடம் ஆகிறது. கடந்த இரண்டு மாதத்தில் மூன்று முறை லேசாக உதிரம் பட்டது. வலி எதுவும் இல்லை. யாரிடமும் சொல்லவில்லை. பெயர் போட வேண்டாம். (வாசகி, திருப்பரங்குன்றம் அருகே)

பதில்: இதை எழுதி அனுப்பியதற்கு முதலில் நன்றி, அம்மா. மாதவிலக்கு நின்று ஒரு வருடம் ஆன பிறகு ஒரு சொட்டு உதிரம் பட்டாலும் அதைக் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும். உங்களுக்கு மூன்று முறை பட்டிருக்கிறது. பெரும்பாலானவர்களுக்குக் காரணம் சாதாரணமாகவே இருக்கும்: உட்படலம் மெலிந்து வறண்டிருக்கலாம், சிறு சதை வளர்ந்திருக்கலாம். சிலருக்கு மட்டும் அது கருப்பைப் புற்றுநோயின் அல்லது கருப்பைவாய்ப் புற்றுநோயின் முதல் அடையாளம். வலி இல்லாததால் ஆபத்தில்லை என்று எண்ண வேண்டாம். ஆரம்பத்தில் இவை வலிப்பதில்லை. ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் முழுவதும் குணப்படுத்தக்கூடியவையும் இவைதான்.

மகளிர் மருத்துவர் உள்பரிசோதனை செய்வார், ஸ்கேன் எடுப்பார், தேவைப்பட்டால் கருப்பையின் உட்படலத்தில் சிறு துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார். பெண் மருத்துவர்தான் வேண்டும் என்று கேட்கலாம், அதில் தவறு எதுவும் இல்லை. மார்பகப் பரிசோதனையையும் கருப்பைவாய்ப் பரிசோதனையையும் அதே நாளில் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்களுக்கு அரசு மருத்துவமனைகளிலேயே இவற்றைச் செய்கிறார்கள்.

அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள், இந்த வாரமே போங்கள். வீட்டில் ஆண்களிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் உங்கள் தங்கையிடமோ மகளிடமோ சொல்லி உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர்களிடமும் வாய்விட்டுச் சொல்ல இயலாவிட்டால் இந்தப் பக்கத்தை மடித்து அவர்கள் கையில் கொடுங்கள்.